நாட்டின் பெயரும் நடனத்தின் பெயரும்

ஆடிக் கிருத்திகையன்று நம் திருத்தணி மலைப்படிகளில் காவடிகள் ஏறுவதைக் கண்டிருக்கிறோம். தோளில் காவடி இருந்தால் காவடியாட்டம். தலையில் கரகம் இருந்தால் கரகாட்டம். கையில் கோல் இருந்தால் கோலாட்டம். எதை ஏந்தி ஆடுகிறோமோ அதுவே ஆட்டத்துக்குப் பெயர். ஆந்திர எல்லைக்கு அப்பால், கிருஷ்ணா மாவட்டத்துக் கூச்சிப்பூடிக்கோ ஊர்ப்பெயரே நடனப் பெயராயிற்று.

பிரெஞ்சு மொழி இன்னும் ஒரு படி மேலே சென்று, நாட்டினத்தின் பெயரையே நடனத்துக்குச் சூட்டிவிடுகிறது. போலந்து நாட்டவனை அம்மொழியில் 'பொலொனே' என்பர். போலந்துப் பெண்ணைப் 'பொலொனேஸ்' என்பர். ஈற்றில் ஓர் எழுத்துச் சேர்ந்ததும், அதுவரை ஊமையாயிருந்த மெய்யெழுத்து வாய் திறந்துவிடுகிறது! நடனம் என்னும் சொல் பிரெஞ்சில் பெண்பால். ஆகவே இந்த நடனங்களுக்கும் பெண்பாற் பெயர்களே அமைந்தன. ஜெர்மானிய நடனம் 'அல்மாந்த்', ஸ்காட்லாந்து நடனம் 'எக்கொஸேஸ்', போலந்து நடனம் 'பொலொனேஸ்'. ஆனால் பெயரை மட்டும் நம்பிப் பிறந்த ஊரைத் தேடலாகாது. எக்கொஸேஸ் ஸ்காட்லாந்தில் பிறந்ததன்று என்பர். (நம் சாம்பாரில் வேகும் பறங்கிக்காயும் அப்படித்தான். 'பிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயரே நம் நாவில் 'பறங்கி' ஆயிற்று. பிரான்சு நாட்டின் பெயருக்கும் அதுவே மூலம். காயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.)

பொலொனேஸின் கதை உருக்கமானது. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் போலந்தை முற்றிலும் பங்கிட்டுக்கொண்டன. 1918இல்தான் அது மீண்டும் சுதந்திர நாடாயிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் ஐரோப்பிய நடன மண்டபங்களில் அந்நாட்டின் பெயர் ஒலித்துக்கொண்டே இருந்தது. 1831இல் பாரிசுக்கு வந்த போலந்து இசைமேதை ஷோப்பன், தாயகத்தை மறவாமல் பல பொலொனேஸ்களை இயற்றினார்.

அவர் வாழ்ந்த அதே பாரிசுக்கு 1838இல் நம் தமிழ்ப் பெண்கள் சிலரும் சென்றனர். கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்தைச் சேர்ந்த அவர்கள் லூயி பிலிப் மன்னர் முன்னிலையில் ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவரை ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி சிலையாக வடித்தார். இத்தனை புகழிலும் பாரிஸ் அவர்களுக்கு இட்ட பெயர் 'பயதேர்'. 'ஆடுபவள்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு அது. தமிழர் என்றோ இந்தியர் என்றோ அதில் ஒரு குறிப்பும் இல்லை. நாடிழந்த போலந்து மக்களுக்குக் கிடைத்த அந்தச் சிறு மரியாதையும் அம்மணிக்குக் கிட்டவில்லையே என்று நமக்கு வருத்தந்தான்.

அவர்கள் ஆடியதை நம்மவர் அன்று 'சதிர்' என்றனர். 'பரதநாட்டியம்' என்ற பெயர் 1930களில்தான் சென்னையில் நிலைபெற்றது. இன்று பாரிசில் அதைக் கற்போரும் அப்பெயரையே, தங்கள் நாவுக்கு இயன்றபடி, சொல்கின்றனர். பொலொனேஸ் முதலிய நடனங்களுக்குப் பெண்பாற் பெயரிட்ட பிரெஞ்சு மொழி, பரதநாட்டியத்தை ஏனோ ஆண்பாலாக வழங்குகிறது!