அரசு எடுத்த நிலம், அரை நூற்றாண்டு இழுபறி

ஹிமாச்சலப் பிரதேசம், ஹமீர்பூர் மாவட்டம். 1967-68இல் சாலை போடுவதற்காக, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. மூன்று ஹெக்டேருக்கு மேல். நில எடுப்பு அறிவிப்பு கிடையாது, விசாரணை கிடையாது, இழப்பீடாகக் காலணாவும் கிடையாது.

அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தது தெரிந்த பிறகு, 2010இல் அவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அரசு சொன்ன பதிலைப் படித்தால் வயிறு எரிகிறது. ‘42 ஆண்டுகளாக நிலம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, எதிரிடை அனுபவத்தால் எங்களுக்கே சொந்தமாகிவிட்டது’ என்றது. புறம்போக்கில் குடிசை போட்டவரை ஆக்கிரமிப்பாளர் என்று காலி செய்ய வைக்கும் அரசு பேசுகிற பேச்சா இது! சிவில் வழக்குப் போடச் சொல்லி அனுப்பியது உயர் நீதிமன்றம். மக்கள்நல அரசு இப்படி வாதாடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்து, இழப்பீடு தர உத்தரவிட்டது 2020 ஜனவரியில். அதற்குள் அவர் வயது எண்பதை எட்டிவிட்டது.

நிலம் பறிபோனபோது சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 1978இல் அரசமைப்பின் 44ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, 300ஏ பிரிவில் வைத்தது: சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது. வெறுமனே ஒரு சட்டம் இருந்தால் போதாது. நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று 2024இல் கொல்கத்தா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது.

1894ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் நில எடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013 மத்தியச் சட்டம், தனியார் கம்பெனிக்காக நிலம் எடுத்தால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம். இழப்பீட்டில்தான் சிக்கல். வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரையப் பத்திரங்களையும் வைத்தே விலை கணக்கிடுகிறார்கள். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து யாரோ குறைத்து எழுதிய தொகை, பத்திரமே போடாத விவசாயியின் தலையில் விடிகிறது.

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு 1997ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது. 2019இல் மாநில அரசு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது செல்லும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இழப்பீடு மத்தியச் சட்டப்படிதான். ஆனால், ஆட்சேபம் கேட்டு நோட்டீஸ் வருமே தவிர, சம்மதம் கேட்டு யாரும் வர மாட்டார்கள். சமூகத் தாக்க மதிப்பீட்டையாவது இந்த மாநிலச் சட்டத்தில் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை. உடனே சேர்க்க வேண்டும்.