வயலோர வாய்க்கால் ஈரநிலமா?

நம்ம பாகூர் வட்டாரத்து மண்ணுக்கடியில் சுமார் 41 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. நாளைக்கே சுரங்கத் திட்டம் ஒன்று வந்தால் வாய்க்கால்கள் கதி என்ன?

2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ஆற்றுப்போக்கு, நெல்வயல், பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலை ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. ஆகவே, தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் போன்றவை அந்த விதிப்படி ஈரநிலம் ஆகா. ஆனால் வாய்க்கால் ஓடுவது இயற்கையான சதுப்புப் பள்ளம் என்றால், அந்தப் பள்ளம் ஈரநிலம் ஆகலாம். அறிவிக்கப்பட்ட ஈரநிலத்துக்குத் தண்ணீர் தரும் பகுதியையும் விதி கணக்கில் எடுக்கிறது.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி இப்படிப்பட்ட புதிய சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு உண்டு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். அன்றைக்கு வெறுங்கையோடு போகாதீங்க. சர்வே எண் என்ன, பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா, வெட்டியதா, இயற்கைப் பள்ளமா, எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, கோரை, சம்பு வளர்கிறதா, எந்த ஏரியில் சேர்கிறது, எத்தனை காணி பாய்கிறது என்பதையெல்லாம் இப்போதே நோட்டில் குறித்து வையுங்க. விதியில் ஈரநிலம் ஆகாவிட்டாலும், அதை நம்பிய பாசனம் எவ்வளவு என்பதை எழுத்தில் கொடுத்தால் பதிவாகும். பதில் சொல்லியாக வேண்டும்.