முதுகுவலியா? முதலில் நடந்து காட்டுங்கள்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முழுக்க மெஷின் முன்னால் நிற்பவர்கள், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாளெல்லாம் ஆட்டோ ஓட்டுபவர்கள் எனப் பலரும் கால் மரத்துப்போன பிறகுதான் முதுகுவலி என்று என்னிடம் வருகிறார்கள். கையில் ஸ்கேன் கவர், சட்டைப்பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. "ஸ்கேன் இருக்கட்டும், வாசல் வரை நடந்து காட்டுங்க" என்பேன். இடுப்பு திரும்பாது, கை வீசாது, உடம்பு ஒருபக்கம் சாயும். கழற்றிய செருப்பைப் புரட்டினால் ஒரு குதிகால் மட்டும் தேய்ந்திருக்கும்.

நடையில் என்ன தெரியும்?

சீரான நடையில் இடுப்பு ஒருபுறம் திரும்பும்போது தோள் எதிர்ப்புறம் திரும்பும். 1967-ல் கிரகெர்சன், லூகாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் முதுகெலும்பில் ஊசிகளைப் பொருத்தி, நடக்கவிட்டு இதை அளந்தார்கள். நடு முதுகில், ஏழாவது மார்பு முள்ளெலும்பை ஒட்டித்தான் திருப்பத்தின் திசை மாறுகிறது என்று கண்டார்கள். இன்று ஊசி வேண்டாம். தோலில் ஒட்டும் சிறு குறிகளை அகச்சிவப்பு கேமராக்கள் பின்தொடர, நடை கணினித் திரையில் விரியும். எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது.

நம்பக் கூடாதவை

"ஸ்கேன்ல ஜவ்வு விலகியிருக்கு, ஆபரேஷன்தான்": வலியே இல்லாத 20 வயதினரிலும் நூற்றுக்கு 30 பேருக்கு இந்த ஜவ்வு, அதாவது டிஸ்க், புடைத்திருக்கிறது, 80 வயதில் 84 பேருக்கு. படுக்கவைத்து எடுத்த படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

"காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும்": நரம்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால், அந்த மிதியில் காலே செயலிழக்கலாம்.

"பெல்ட் போட்டு ஒரு மாசம் படுத்தா சரியாகும்": தசைதான் வலுவிழக்கும். ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு மெல்ல நடக்க வேண்டும்.

"மெடிக்கல்ல கேட்டா மாத்திரை கொடுப்பாங்க": கொடுப்பார்கள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். அதற்கு யாரிடம் மாத்திரை கேட்பீர்கள்?

தாமதிக்காதீர்கள்

பாதத்தைத் தூக்க முடியவில்லையா? தொடையிடுக்கு மரத்துவிட்டதா? சிறுநீர் வரவில்லையா, தானாகப் போகிறதா? அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். நாள் கடந்தால் நரம்பு மீளாமலே போகலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

அரை மணிக்கு ஒருமுறை இருக்கையை விட்டு எழுந்திருங்கள். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள். போனைக் குனிந்து பார்க்காமல், கையை வீசித் தினமும் நடங்கள். நடை மாறியதாக வீட்டில் யாராவது சொன்னால், மாத்திரை தேடாமல் மருத்துவரிடம் வாருங்கள்.