களஞ்சியம் இல்லாத கோட்டை: கணினி விளையாட்டின் விதிகளை வாசித்தல்

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ‘மராத்திய இராணுவ நிலவெளிகள்’ என்னும் தலைப்பில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போயிருந்தேன். பதினோரு வயது. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தோம். தடித்த சுவர், இருட்டு, வௌவால் வாடை. ‘இன்னா மாமா இது?’ என்றான். நெல் கொட்டி வைக்கிற இடம் என்றேன். ‘இம்மாம் பெருசா? எதுக்கு?’ படைக்குச் சோறு போட வேணாமாடா என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ‘ஆளு எடுக்கறப்ப ஒருவாட்டி சாப்பாடு குடுத்தா போதும் மாமா. அப்பறம் கேக்க மாட்டாங்க.’

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. விளையாட்டில் கற்றதைச் சொன்னான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்னும் கணினி விளையாட்டின் விதி அது. நானும் அதே விதியைத்தான் செஞ்சியில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கற்றேன். பின்னாளில் தமிழ் எம்.ஏ. படித்து, பிரதி, வாசிப்பு, அதிகாரம் என்றெல்லாம் பேசக் கற்றுக்கொண்டபோதும் அந்த விளையாட்டை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சினிமாவை வாசித்தோம், விளம்பரத்தை வாசித்தோம். பிள்ளைகள் மணிக்கணக்கில் கிடக்கும் இந்த இடத்தை மட்டும் ‘போதை’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டோம்.

விளையாடாத வாசகருக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதன் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஆடப்படுகிறது. தொடக்கத்தில் உங்களிடம் ஒரு ஊர்மையமும் சில ஊராட்களும் இருப்பார்கள். 50 உணவு கொடுத்தால் இன்னொரு ஆள் உருவாவார். அவர்கள் மரம் வெட்டுவார்கள், உழுவார்கள், பொன்னும் கல்லும் தோண்டுவார்கள். 650 கல் சேர்ந்தால் ஒரு கோட்டை எழுப்பலாம். ஐந்து பேருக்கு ஒரு வீடு வீதம் கட்டிக்கொண்டே போனால் வழக்கமான ஆட்டத்தில் 200 பேர் வரை பெருக்கலாம். பிறகு போர்.

கதை, படம், இசை எல்லாவற்றையும் விட்டுவிட்டு விதிகளை மட்டும் பார்ப்போம். இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் வெளியான தம் நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார்: கணினி விளையாட்டு தன் கட்சியை வசனத்தாலோ படத்தாலோ சொல்வதைக் காட்டிலும், எது நடக்கும், எது நடக்கவே நடக்காது என்று வகுக்கும் விதிகளால் சொல்கிறது. நாவலில் ஒரு கருத்தோடு முரண்பட்டுக்கொண்டே வாசித்துப் போகலாம். விளையாட்டில் விதிக்கு உடன்படாமல் அடுத்த அடி வைக்க முடியாது. கைவிரல்களால் ஒப்புக்கொண்டு ஒப்புக்கொண்டுதான் முன்னேற வேண்டும்.

முதல் விதி காலத்தைப் பற்றியது. எல்லா நாகரிகங்களும் இருண்ட காலத்தில் தொடங்கி, நிலப்பிரபுத்துவக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்று ஒரே ஏணியில் ஏறியாக வேண்டும். இந்தியாவில் நிலப்பிரபுத்துவம் இருந்ததா, இருந்தது என்றால் எந்த வடிவில் என்று நம் ஆட்கள் எத்தனை கருத்தரங்குகளில் அடித்துக்கொண்டார்கள்! இங்கே 500 உணவு கட்டினால் நிலப்பிரபுத்துவம் வந்துவிடும். சண்டையே இல்லை.

இரண்டாம் விதி பெயரைப் பற்றியது. 2013இல் வந்த பகுதியில் ‘இந்தியர்’ என்று ஒரே நாகரிகம் சேர்க்கப்பட்டது. 2022இல் அதைப் பிரித்தார்கள். பழைய ‘இந்தியர்’ இந்துஸ்தானியர் ஆனார்கள். வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என மூன்று புதிய நாகரிகங்கள் வந்தன. ராஜேந்திர சோழன் படையெடுப்புகளை ஆடிப்பார்க்கத் தனிக் கதைத்தொடரும் உண்டு. ஒற்றை இந்தியாவை உடைத்தது நல்ல காரியம்தான், எனக்கு அதில் மகிழ்ச்சிகூட வந்தது. ஆனால் ‘திராவிடர்’ என்ற சொல் அங்கே என்னவாகிறது? கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்திய சொல் அது. 1944 சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் என்று பெயர் வைக்கப்பட்டபோது அதற்குள் சாதி எதிர்ப்பு இருந்தது. விளையாட்டில் அது கடற்படையும் காலாட்படையும் வலுவாக, குதிரைப்படை நோஞ்சானாக உள்ள ஓர் இராணுவ வகை. உழுகிறவருக்குச் சாதி இல்லை, வாரம் இல்லை, சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வரும் கட்டாய உழைப்பு இல்லை. சாதியை ஒழித்துவிட்டதால் இல்லாமல் போகவில்லை. கணக்கிலேயே எடுக்காததால் இல்லை. சொடுக்கிய இடத்துக்குப் போவார்கள், முணுமுணுக்கவே மாட்டார்கள்.

மூன்றாவதுதான் அக்கா மகன் சொன்ன விதி. உணவு என்பது ஆளை உருவாக்கும்போது ஒருமுறை கட்டும் விலை. அதன்பின் 200 பேரும் ஆட்டம் முடியும்வரை சாப்பிடுவதில்லை. விளைந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆலை உண்டு. எதிரி அதை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் உங்கள் இருப்பில் ஒரு மணி குறையாது. உணவு எங்கும் இருப்பதில்லை. திரையின் மேல்விளிம்பில் எண்ணாக மட்டும் இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டைக்குக் களஞ்சியம் தேவையில்லை. ஊரைப் பட்டினி போட்டு வெல்லவும் முடியாது, பட்டினியால் தோற்கவும் முடியாது.

இந்த இடத்தில் செஞ்சியின் சரித்திரம் குறுக்கே நிற்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். இடையில் 1692 இறுதியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் படையோடு வந்து முற்றுகைப் பாளையத்துக்கான தானிய வரத்தை அறுத்தார்கள். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். 1693 தொடக்கத்தில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பீரங்கியைக் காட்டிலும் வண்டிமாடும் நெல்மூட்டையும் தீர்மானித்த போர் இது. அந்த நெல்லை விளைவித்தவர்கள், தூக்கிச் சுமந்தவர்கள், இரு படைகளுக்கும் பறிகொடுத்தவர்கள் சுற்றுவட்டாரக் குடியானவர்களும் கூலிகளும். விளையாட்டின் விதி அழிப்பது அவர்களைத்தான். ‘இராணுவ நிலவெளி’ என்ற பெயர்ப்பலகையும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டபோது நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2021இல் வேறு பெயரில் அதே ஆட்டம் வந்தது. வட்டம் சுருங்கச் சுருங்க நூறு பேரில் மிச்சமிருப்பவனே வென்றவன் என்ற விதி மாறவில்லை. இணைய ரம்மி விவகாரத்தில் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. புதிய சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் திறனா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்த்த எவரும் பணத்தைப் பற்றிய இந்தக் கேள்வியைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் பணம் வைக்காத விளையாட்டு பிள்ளைக்கு எந்த உலகத்தைப் பழக்குகிறது என்று கேட்க நீதிமன்றம் தேவையில்லை. அது விமர்சகரின் வேலை. நாம் செய்யவில்லை.

விளையாட்டின் விதியைக் கேள்வி கேட்கும் மரபு நமக்குப் புதிதும் இல்லை. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதியம்மன் வழிபாட்டின் ஆதி இடமாகக் கருதப்படுகிறது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. விளையாட்டைப் பற்றி 1938இல் நூலெழுதிய ஹூய்சிங்காவும் பாரதச் சூதைப் பேசாமல் விடவில்லை. அவருக்கு அது போட்டியும் சடங்கும் கலந்த ஆட்டம். கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அது வேறு. சபையில் இழுத்துவரப்பட்ட பாஞ்சாலி பகடை பொய்யா என்று கேட்கவில்லை. தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று கேட்டாள். ஆட்டத்தில் காயாக வைக்கப்பட்டவள் ஆட்டத்தின் விதியைக் கேட்கிறாள். சபையிடம் பதில் இல்லை. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் ஊர்சனம் அந்தக் கேள்வியை ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தமிழில் ஆட்டத்தின் ஒழுங்குக்கும் தலையெழுத்துக்கும் ‘விதி’ என்ற ஒரே சொல்தான். எழுதியவன் யாரென்று கேட்காதவரை முதலாவது இரண்டாவதாகத் தெரியும்.

தெருவிளையாட்டில் எழுதியவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நாம்தான். பல்லாங்குழிக்கு ஊருக்கு ஊர் கணக்கு மாறும். கில்லியில் தகராறு வந்தால் ஆட்டத்தை நிறுத்திப் பஞ்சாயத்துப் பேசுவோம். சின்னப் பிள்ளை அழுதால் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம். அவன் ஆடலாம், அவுட் கிடையாது. பெயரில் குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பலவீனமானவனுக்கென்று தெரு கண்டுபிடித்த விதி அது. கணினி ஆட்டத்தில் எளிய நிலை உண்டு. ஒருவனுக்காக மற்றவர்கள் மனமிரங்கி விதியை வளைக்கும் இடம் இல்லை.

உடனே தெருவைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. எங்கள் தெரு ஆட்டத்துக்குக் காலனிப் பிள்ளைகளை யாரும் கூப்பிட்டதில்லை. அந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. காலனியிலிருந்து வந்த ஒரு நண்பனோடு நான் முதன்முதலில் ஒன்றாக உட்கார்ந்து ஆடியது பிரௌசிங் சென்டரில்தான். ஒரே நாற்காலியில் பாதிப் பாதி. காசு கொடுத்தால் இடம் என்ற கடைக்காரரின் விதி ஊரின் விதியைவிட மேலாக இருந்தது. அவன் என்னைத் தொடர்ந்து தோற்கடித்தான். நான் கேட்டேன் என்பதற்காக ஒருநாள், ‘அரைமணி நேரம் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது’ என்று ஒரு விதி போட்டான். மென்பொருளில் எழுதப்படாத விதி. நாங்கள் எல்லோரும் கட்டுப்பட்டோம். யாரும் அழியாமல் ஆளுக்கொரு ஊர் கட்டினோம். எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த அரைமணி நேரம்தான்.

எனவே தடை செய் என்றோ காலம் மாறிவிட்டது விடு என்றோ சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தை நாமும் ஆடிப்பார்க்க வேண்டும். அதில் எது சாத்தியம், எது சாத்தியமே இல்லை என்று அவர்களோடு சேர்ந்து பட்டியலிட வேண்டும். இது பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, நண்பர்கள் எழுதலாம்.

களஞ்சியத்தில் அவனுக்கு நான் முற்றுகைக் கதையைச் சொன்னேன். எட்டு வருஷம் என்றதும் நம்பவில்லை. வெளியே வந்து சக்கரக்குளத்துக் கரையில் நின்றோம். தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: ‘அப்ப உள்ள இருந்தவங்கள்ல, மொதல்ல யாருக்குச் சோத்த நிறுத்துவாங்க மாமா?’