மூடி வைத்துப் படிக்க வேண்டிய பாடம்

பலாச்சுளை தின்னாத பிள்ளையை ஜவ்வாது மலையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சீத்தாப்பழமும் அப்படித்தான், பருவம் வந்தால் கூடை கூடையாக மலையிலிருந்து இறங்குகிறது. ஆனால் இவ்விரண்டில் எது திரள்கனி, எது கூட்டுக்கனி, ஏன் என்று மேல்நிலை வகுப்பு உயிரியல் கேட்கும்போது, பழத்தோடு பழகிய பழக்கம் மட்டும் கைகொடுக்காது. சீத்தா, ஒரே பூவின் பல சூலக இலைகள் தனித்தனியே கனியாகி ஒட்டிக்கொண்டது, அதனால் திரள்கனி. பலா, ஒரு மஞ்சரியின் பூக்கள் அத்தனையும் சேர்ந்து ஒரே கனியானது; அதனால் கூட்டுக்கனி. சுளை ஒவ்வொன்றும் ஒரு பூவின் பங்கு. நூறு தடவை அறுத்துத் தின்றவருக்கும் இதை யாராவது கேட்டால்தான் தெரியவரும், தனக்குத் தெரியாது என்பது. பாடப்புத்தகத்தின் பக்கமும் இந்தப் பழத்தைப் போலத்தான் மாணவரை ஏமாற்றுகிறது. ஐந்தாறு முறை வாசித்த பக்கம் முகம் தெரிந்த ஆளைப் போலச் சிரிக்கிறது; பெயரைக் கேட்டால் வாயில் வருவதில்லை. பார்த்தால் அடையாளம் தெரிவதையே ‘படித்து முடித்தது’ என்று எடுத்துக்கொள்வதுதான் உயிரியல் ரிவிஷனில் நேரும் முதல் பிழை. அதற்கு மருந்து புத்தகத்தை இன்னொரு முறை திறப்பதில் இல்லை, மூடுவதில் இருக்கிறது.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலைத்தொடரில் பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர். பிள்ளைகளில் பலர் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள்; வனத்துறை நடத்தும் பள்ளிகளும் உண்டு. டியூஷன் என்றால் போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ மலையை விட்டு இறங்க வேண்டும். ஆக, விடுதியின் ஸ்டடி ஹவரில் ஒரு ப்ளஸ் டூ மாணவிக்குக் கையில் இருப்பது புத்தகம், ஒரு பழைய நோட்டு, பக்கத்தில் ஒரு தோழி. எதிரே நிற்கும் தேர்வோ சிறியதல்ல. உயிரியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். அதில் உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35. ஒவ்வொன்றிலும் எட்டு ஒரு மதிப்பெண் வினா, அதன்பின் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் விடைகள். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இத்தனைக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரே வழி: ‘திரும்பத் திரும்பப் படி.’ அடிக்கோடு போடு, சத்தம் போட்டு வாசி, புக் பேக் கேள்விகளை முடி.

இந்த அறிவுரையைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பகுதிகளைக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழு நான்கு அமர்விலும் வாசித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக ஒருவர் 14 தடவைக்கு மேல் முழுப்பகுதியையும் வாசித்திருந்தார். இன்னொரு குழு ஒரே அமர்வில் மூன்று நான்கு தடவை வாசித்துவிட்டு, மற்ற மூன்று அமர்விலும் பகுதியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு மிஞ்சியது. மூடிவைத்து எழுதியவர்களிடம் 61. இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்தே தீர்த்த குழுவினர். தேர்வுக்கு முந்தின இரவு ‘எல்லாம் படிச்சாச்சு’ என்ற நிம்மதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டையும் மேலே வைத்தார்கள். மறுவாசிப்பையும் அடிக்கோட்டையும் பயன் குறைந்தவை என்று ஒதுக்கினார்கள்.

உயிரியலில் இது எப்படி இருக்கும்? தாவரவியல் முதல் பாடத்தில் வரும் கருப்பையை எடுத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்து அப்படியே வரைவதில் பென்சிலுக்குத்தான் பயிற்சி. புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் வரைந்தால் கேள்விகள் தாமாக எழும். எட்டு உட்கரு இருக்கிறது, செல் மட்டும் ஏன் ஏழு? அண்டம் ஒன்று, அதன் பக்கத்தில் சினர்ஜிட் இரண்டு, எதிர்முனையில் எதிரடிச் செல்கள் மூன்று, ஆறு ஆயிற்று. நடுவில் உள்ள ஒரே செல்லில் துருவ உட்கரு இரண்டு. கணக்கு சரியாகும் அந்த இடம் மறக்காது. சரியாகாவிட்டால் எது விடுபட்டது என்று தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திறக்கலாம். அப்போது திறக்கும் புத்தகம் வேறு. கண் நேராக விடுபட்ட இடத்துக்குப் போகும். அதேபோலக் கதிர் அரிவாள் இரத்தசோகை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் என்பது ஒரு வரிச் செய்தி. ‘பெற்றோர் இருவரும் நோய் வெளியே தெரியாமல் மரபணுவைச் சுமப்பவர்கள், பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு என்ன?’ என்று கேட்டால், பார்க்காமல் கட்டம் போட்டு நான்கில் ஒன்று என்று வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தவருக்கு வராது என்றில்லை. பழங்குடிப் பகுதிகளைக் கருதி 2023 ஜூலை 1 அன்று இந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டிருக்கும் நாட்டில், இது தேர்வுத்தாளோடு நிற்கும் கேள்வியும் அல்ல.

‘இதைத்தானே நம் ஊரில் ஒப்பிப்பது என்று காலங்காலமாகச் செய்கிறோம்’ என்று ஒரு மறுப்பு வரும். பாதி நியாயம். ஒப்பிப்பதும் பார்க்காமல் சொல்வதுதான்; வெறும் வாசிப்பைவிட மேல். ஆனால் ஒப்பிக்கும் பாடம் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து கேட்டால் முதல் வரிக்கு ஓடிப்போய் அங்கிருந்து வர வேண்டியிருக்கிறது. ஒரு சொல் தவறினால் மீதியும் போகிறது. வினாத்தாளோ பாடத்தை நடுவிலிருந்தும் கேட்கும், இரண்டு பாடங்களைச் சேர்த்தும் கேட்கும். ஆகவே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ‘வேறுபடுத்துக’ என்று ஒரு நாள், ‘காரணம் கூறு’ என்று இன்னொரு நாள், படம் மட்டும் ஒரு நாள். விடைக்குறிப்பில் உள்ள கலைச்சொல் விடையில் இருந்தாக வேண்டும் என்பது உண்மை. சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். வாக்கியங்களை அல்ல.

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கண்டது மலைப்பள்ளிக்குப் பொருந்துமா என்பது கூடுதல் கனமுள்ள கேள்வி. கல்லூரிக்கு வெளியேயும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. இல்லினாய் மாநில நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் சிறு வினாக்கள் வைத்துப் பார்த்தபோதும் கேட்கப்பட்ட பகுதிகளே பின்னர் நன்றாக நினைவில் நின்றன என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மலைக்கு இந்த முறை பொருந்துவதற்கு எனக்குத் தெரியும் காரணம் இன்னும் எளியது: இதற்குச் செலவில்லை. கோச்சிங் சென்டர் வேண்டாம், இணையம் வேண்டாம். கேட்பதற்கு ஓர் ஆள் போதும். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. நம் சட்டாம்பிள்ளை ஊர் சுற்றிவிட்டு வந்தவர்தான். இரண்டு மாணவிகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்க, மற்றவள் சொல்ல, பத்து நிமிடத்தில் இடம் மாற்றிக்கொண்டால், கேட்பவளுக்கும் பாடம் ஓடும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. விளங்காத பாடத்தை மூடிவைத்து நினைவுகூர முடியாது. டி.என்.ஏ. இரட்டிப்பாதலை யாரும் விளக்கிச் சொல்லாத வகுப்பில் எந்த ரிவிஷன் உத்தியும் ஆசிரியரின் இடத்தை நிரப்பாது. காலிப் பணியிடத்துக்குப் படிப்பு உத்தியைப் பதிலாகக் காட்டுவது ஏமாற்று. அதேபோல, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதும் ஸ்லிப் டெஸ்டும் ஒன்றல்ல. ஸ்லிப் டெஸ்டில் குறைந்த மதிப்பெண்ணுக்கு நிற்க வைக்கிறார்கள், பேப்பரில் பெற்றோர் கையெழுத்துக் கேட்கிறார்கள். அங்கே பிள்ளை கற்றுக்கொள்வது பயத்தை. இங்கே மதிப்பெண் போடவே கூடாது. எழுதியவரே புத்தகத்தைத் திறந்து தன் தவறைத் திருத்த வேண்டும், அதுவும் அன்றைக்கே. பிறகு அதே பகுதியை மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். திங்கள் முழுக்கத் தாவரவியல், செவ்வாய் முழுக்க விலங்கியல் என்று பிரிப்பதைவிட ஒரே ஸ்டடி ஹவரில் இரண்டையும் கலப்பது நல்லது. இடையில் கொஞ்சம் மறந்துபோகத்தான் செய்யும். மறந்ததைச் சிரமப்பட்டு மீட்பதில்தான் பலன் இருக்கிறது.

நீட் எழுத நினைப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபின் மலைப்பள்ளியிலும் அந்த ஆசை இருப்பது இயல்பு. 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு உரியது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால், பார்த்தால் தெரிந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் நான்கில் மூன்று விடைகள் பார்த்தால் தெரிந்தவை போலவே தோன்றும்படி எழுதப்பட்டவை. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். பழைய வினாத்தாளை வைத்துப் பயிலும்போது விடைகள் நான்கையும் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, வினாவை மட்டும் வாசித்து, விடையை நோட்டில் எழுதிய பிறகு தாளை நகர்த்த வேண்டும். எழுதியது அந்த நான்கில் இல்லையென்றால், அன்று படிக்க வேண்டிய பாடம் எது என்று தேட வேண்டியதில்லை.