சைன் வைக்கும் முன் கேளுங்கள்

லயத்துக் காம்பராவில் ஆணியில் தொங்கிய சொப்பிங் பேக்குக்குள்தான் அம்மா எல்லாக் காகிதங்களையும் வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், ஈபிஎஃப் சீட்டுகள், கிளினிக் கொப்பி, நாலாய் மடித்த ஒரு டயக்னோசிஸ் கார்ட். கடைசித் தங்கை பிறந்த மறுநாள் தேதியிட்ட அந்தக் கார்டில் மூன்று எழுத்துகள்: எல்.ஆர்.டி. என்னவென்று கேட்டேன். “மிஸ்ஸி ஒரு தாள் கொண்டாந்து சைன் வைக்கச் சொன்னாங்க. வச்சேன்” என்றார். அது கருக்குழாயைக் கட்டும் நிரந்தரக் கருத்தடை என்பது பல மாதம் கழித்து, தோட்டத்து மருத்துவமாது சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது.

அந்த ஆபரேசன் கெட்டதல்ல. இனிப் பிள்ளை வேண்டாம் என்று தெளிந்து முடிவெடுத்த பெண்ணுக்கு அது நல்ல வழி. என் வருத்தம், என் அம்மா முடிவெடுக்கவே இல்லை என்பதுதான். 1980களில் இந்த ஆபரேசன் செய்துகொண்டவர்களுக்கு அரசு பணமும் கொடுத்தது. கைக்காசு இல்லாத வீட்டில் பணம் முன்னால் வந்தால் கேள்வி பின்னால் போய்விடும்.

நாம் கேள்வி கேட்காததற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென 1872இலேயே சட்டம் வந்தது. ஆனால் வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி, துரை லொறி கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. ‘டாக்டரையா சொன்னால் சரி’ என்ற பழக்கம் அங்கே வளர்ந்தது. இன்று அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; 1990க்கு அழைத்தால் அம்புலன்சும் இலவசம். இலவசம் என்பதால் அது தர்மம் ஆகிவிடாது. கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

எந்தத் தாளில் சைன் வைக்கும் முன்னும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு என்ன நோய், என்ன செய்யப் போகிறீர்கள்? இதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கருத்தடையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு, ஐந்து வருடம் கையின் தோலுக்கடியில் இருக்கும் ஜடெல் உண்டு, கருப்பைக்குள் பத்து வருடம் வரை தாங்கும் லூப் உண்டு. இவற்றை நிறுத்தினால் மறுபடி பிள்ளை பெறலாம். ஆண்களுக்குச் செய்யும் ஆபரேசன் இன்னும் சிறியது. இதையெல்லாம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. நினைவிழந்து உயிருக்குப் போராடும் அவசரத்தில் மட்டுமே வைத்தியர் சம்மதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

பதில் தமிழில் கிடைக்க வேண்டும். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரச அதிகாரியுடன் தமிழில் பேசி அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. விளங்காத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். “தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தாயின் உடம்பைப் பற்றிய முடிவைச் சுமக்கும் வயதல்ல அது.

டயக்னோசிஸ் கார்ட் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். அரச வைத்தியசாலையில் உள்ள உங்கள் சிகிச்சைப் பதிவு வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தவறு நடந்திருந்தால் முதலில் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்கும், மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும்; கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்கும் வழக்குக்கு இரண்டு வருடம். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்தால் நாள் போய்விடும்.

பிரசவ வலியில் துடிக்கும்போது நான்கு கேள்வியும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆகவே கிளினிக் போகும் மாதங்களிலேயே மருத்துவமாதுவிடம் கேட்டு, கணவனும் மனைவியும் பேசி முடிவெடுங்கள். அதைக் கர்ப்பிணிப் பதிவு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வார்டில் யாராவது தாளை நீட்டினால் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

என் அம்மாவின் பையில் எல்லாக் காகிதங்களும் இருந்தன. அவர் விருப்பம் எழுதிய காகிதம் மட்டும் இல்லை. உங்கள் பையில் அது இருக்கட்டும்.