உங்களுக்குத் தெரியுமா? உதட்டு ஊசிக்கும் மாட்டுக் கண்ணுக்கும் உள்ள உறவு

உதட்டைப் பூரிக்க வைக்கும் ஊசிகளில் இன்று பெரும்பாலும் இருப்பது ஹையலுரானிக் அமிலம். 1934-ல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். இப்போது மாடு பிழைத்தது. பாக்டீரியாவை வளர்த்தே தயாரிக்கிறார்கள்.

அமிலம் என்றதும் மிரள வேண்டாம். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருப்பதுதான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சிரிஞ்சில் வழக்கமாக 1 மில்லி, அதாவது டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. சில மாதங்களில் உடலே அதை மெல்லக் கரைத்துவிடும். உதடு கோணிக்கொண்டால் ஹையலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி முன்னதாகவே கரைக்கலாம். இந்த அழிரப்பர் வசதி சிலிக்கோன் ஊசிக்குக் கிடையாது.

இதற்கு முந்தைய ஊசியான, 1981-ல் அமெரிக்கா அனுமதித்த மாட்டுக் கொலாஜனுக்கோ முதலில் கையில் குத்தி ஒவ்வாமைச் சோதனை. பிறகு நான்கு வாரக் காத்திருப்பு தேவைப்பட்டது.

2015-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் போல உதடு வேண்டுமென்று பதின்வயதினர் சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் வாயை வைத்து உறிஞ்சினார்கள். கிடைத்தது ரத்தக்கட்டு! அதே ஆண்டு மே மாதம், தான் போட்டுக்கொண்டது ஊசி என்று கைலியே ஒப்புக்கொண்டார்.

ஊசியில்லாமல், அதிக அழுத்தத்தால் ஃபில்லரை, அதாவது உதட்டைப் பூரிக்க வைக்கும் கூழைச் செலுத்தும் பேனாக்களும் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தொடாதீர்கள் என்று 2021-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ரத்தக் குழாய்க்குள் ஃபில்லர் புகுந்தால் அடைப்பு ஏற்பட்டு உதட்டுத் திசுவே செத்துப்போகலாம்.